போர் தொடங்கும் நாள் எது?

வரலாற்றுப் பாடம் படிக்கும் மாணவன் ஒரு போரைப் பற்றி முதலில் மனனம் செய்வது, அது தொடங்கிய ஆண்டையும் முடிந்த ஆண்டையுமே. முதலாம் உலகப் போர் 1914 முதல் 1918 வரை. இரண்டாம் உலகப் போர் 1939 முதல் 1945 வரை. இரண்டு எண்களுக்கு நடுவே கோடிக்கணக்கான உயிர்களின் அழிவை அடக்கிவிடுகிறோம். போர் முடிந்த நாளைக் கூறுவது ஓரளவு எளிது. தோற்றவர் கையொப்பமிட்ட தாள் ஒன்று இருக்கும். தொடங்கிய நாளைக் கூறுவதோ அத்துணை எளிதன்று.

இரண்டாம் உலகப் போரையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மானியப் படை போலந்தினுள் புகுந்த 1939 செப்டம்பர் 1-ஆம் நாளே அதன் தொடக்கம் என்பது நாம் படித்த பாடம். சீன நாட்டார் இதனை ஏற்பதில்லை. ஜப்பானியருடன் முழுப்போர் மூண்டது 1937 ஜூலை 7 என்று அவர்கள் நெடுங்காலம் கூறிவந்தனர். 2017-ஆம் ஆண்டில் சீனக் கல்வி அமைச்சகம் அதனையும் மாற்றி, மஞ்சூரியாவில் தாக்குதல் நிகழ்ந்த 1931 செப்டம்பர் 18-ஆம் நாளிலிருந்தே போரைக் கணக்கிட வேண்டும் எனப் பாடநூல்களைத் திருத்தச் செய்தது. எட்டாண்டுப் போர் ஓர் ஆணையால் பதினான்காண்டுப் போராயிற்று. ரஷ்யர்க்கு அப்போர் 1941 ஜூன் 22-இல் தொடங்குகிறது. அமெரிக்கர்க்கு அவ்வாண்டு டிசம்பர் 7-இல். நம் நாட்டிற்கோ 1939 செப்டம்பர் 3-ஆம் நாள், வைசிராய் லின்லித்கோ பிரபு இந்தியத் தலைவர் எவரையும் கலவாமல் வெளியிட்ட அறிவிப்பே தொடக்கம். அதனைக் கண்டித்து மாகாணக் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. சென்னையில் இராஜாஜியின் அமைச்சரவையும் அவ்வாறே விலகிற்று.

முதலாம் உலகப் போரில் சென்னை மக்கள் கண்ட முதல் நாள் 1914 செப்டம்பர் 22. அன்றிரவு எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளின்மீது குண்டு வீசிற்று. ஐரோப்பாவில் போர் மூண்டு ஏறத்தாழ எட்டு வாரம் ஆகியிருந்தது. ஆயினும் தமிழரின் பேச்சில் நிலைத்தது அந்தக் கப்பலின் பெயரே. இன்றும் சூழ்ச்சிக்காரனை ‘எம்டன்’ என்று சொல்வாருண்டு.

ஆக, ஒரே போருக்குப் பல பிறந்தநாள்கள். இவற்றுள் உண்மையானது எது? இதனை வரலாற்று ஆசிரியர்களின் வழக்கு என்று விட்டுவிடலாகாது. அறநெறி நோக்கில் இது மிகவும் ஆழ்ந்த வினா. அகிம்சையைப் பரம தர்மமாகக் கொண்ட நமக்கு இது நேரே தொடர்புடைய வினாவுமாகும்.

நாளின் உள்ளே ஒளிந்திருக்கும் பழி

‘போர் எப்பொழுது தொடங்கியது?’ என்று கேட்பவர் பெரும்பாலும் நாளை அறிய விரும்பிக் கேட்பதில்லை. ‘யார் தொடங்கினார்?’ என்பதே அவ்வினாவின் உட்பொருள். எதிரி முதன்முதலில் தீங்கு செய்த நாளை ஒவ்வொருவரும் தேடி எடுத்துக்கொள்கின்றனர். அதற்கு முந்திய நாளில் தாம் செய்தது கணக்கில் வராது.

1914 ஜூன் 28-இல் சராயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதிலிருந்து சரியாக ஐந்தாண்டு கழித்து, 1919 ஜூன் 28-இல் வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன் 231-ஆம் பிரிவு, போரின் இழப்புகளுக்கெல்லாம் ஜெர்மனியும் அதன் துணை நாடுகளுமே பொறுப்பு என்று எழுதி வைத்தது. வென்றவர் தோற்றவர் கையால் எழுதி வாங்கிய தொடக்கம் அது. அந்தத் தாளிலிருந்தே அடுத்த போர் முளைத்தது என்று கருதும் அறிஞர் பலர். போரை முடித்துவைத்த நாளே மற்றொரு போரின் வித்திட்ட நாளாயிற்று.

நம் அருகில் நிகழ்ந்த துயரத்தையும் எண்ணிப் பார்க்கலாம். இலங்கையின் உள்நாட்டுப் போர் 1983 ஜூலை 23-இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நிகழ்ந்த கண்ணிவெடித் தாக்குதலில் தொடங்கியது என்று பல நூல்கள் குறிக்கின்றன. பதின்மூன்று படைவீரர் அன்று மாண்டனர். அதனையடுத்துக் கொழும்பு முதலிய ஊர்களில் தமிழர்மேல் நிகழ்ந்த படுகொலையே தொடக்கம் என்பர் சிலர். யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட 1981-ஐச் சுட்டுவாருண்டு. தனி நாடு கோரிய 1976-ஆம் ஆண்டு வட்டுக்கோட்டைத் தீர்மானத்தைச் சுட்டுவாருண்டு. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி எனச் சட்டம் செய்த 1956-க்குச் செல்வாரும் உளர். ஒவ்வொரு நாளும் உண்மையாக நிகழ்ந்த நாளே. ஒவ்வொன்றின் பின்னும் உண்மையான கண்ணீர் உண்டு. ஆயினும் ஒருவர் எந்த நாளைத் தேர்ந்தெடுக்கிறார் என்று கேட்டாலே, அவர் யாரைக் குற்றவாளி என்று கருதுகிறார் என்பது விளங்கிவிடும்.

மதுரை மண் கூறும் சான்று

வெளியுலகம் செல்ல வேண்டியதில்லை. மதுரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியும் இதற்குத் தக்க சான்றுகள் உடையன.

டில்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் மதுரைக்கு வந்தது 1311-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். பாண்டியப் பேரரசு சிதைந்ததற்கு நம் பாடநூல்கள் குறிக்கும் ஆண்டு இதுவே. ஆனால் படையெடுப்பிற்கு முன்னரே மதுரை உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் தன் இரு மைந்தருள் வீரபாண்டியனுக்கு ஏற்றமளித்தான் என்றும், அதனால் சினங்கொண்ட சுந்தரபாண்டியன் 1310-இல் தந்தையையே கொன்றான் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதியிருக்கிறார். பின்னர் உடன்பிறந்தார் இருவரும் அரியணைக்காக மோதிக்கொண்டனர். அவ்வாறாயின் போர் தொடங்கியது எந்நாள்? குதிரைப்படை வையைக்கரைக்கு வந்த நாளா? தந்தையின் குருதி சிந்திய நாளா? ‘எனக்கு வரவேண்டியது அவனுக்குப் போகிறதே’ என்று ஒரு மகன் நெஞ்சில் முள் தைத்த நாளா? அம்மூன்றாம் நாளை எந்தக் கல்வெட்டும் பொறித்து வைக்கவில்லை.

விடுதலைப் போரின் தொடக்கம் பற்றிய வழக்கும் இத்தகையதே. 1857-ஆம் ஆண்டு எழுச்சியையே முதலாம் விடுதலைப் போர் என்று வடநாட்டார் கொண்டாடுவர். 1806 ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது அதற்கு அரை நூற்றாண்டு முந்தியது என்பர் தமிழ்நாட்டார். மதுரை காமராசர் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியராய் விளங்கிய கே. இராஜய்யன், 1800–1801-இல் மருது சகோதரர், ஊமைத்துரை முதலியோர் நடத்திய தென்னிந்தியக் கிளர்ச்சியே முதல் விடுதலைப் போர் என்று 1971-இல் தனிநூல் எழுதினார். 1801 ஜூன் 16-இல் திருச்சிராப்பள்ளியில் சின்னமருது ஒட்டச் செய்த அறிக்கை அதற்கு ஆவணமாய் நிற்கிறது. அதற்கும் முன்னே, கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட 1799 அக்டோபர் உண்டு. அதற்கும் முன்னே பூலித்தேவனின் நெற்கட்டுஞ்செவல் உண்டு.

அந்த 1755-ஆம் ஆண்டையே சற்று நின்று நோக்குவோம். ஆர்க்காட்டு நவாபிற்குரிய கப்பத்தை வசூலிக்க கர்னல் ஹெரான் தலைமையில் கும்பினிப் படை மதுரைக்கும் திருநெல்வேலிச் சீமைக்கும் வந்தது. மதுரையை அடுத்த கோவில்குடியில் கோயிலைத் தாக்கி, அங்கிருந்த தெய்வத் திருமேனிகளையும் கவர்ந்து சென்றனர். படை திரும்பிச் செல்கையில் நத்தம் கணவாயில் கள்ளர் நாட்டார் அதனை மறித்துத் தாக்கினர். கும்பினியின் ஏடுகளில் நத்தம் கணவாய் ஒரு தாக்குதல். நாட்டார் நோக்கில் அது ஒரு பதில். அவ்வேட்டை எழுதியவர்க்குக் கோவில்குடி வழியில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி. நாட்டார்க்கோ அதுவே தொடக்கம்.

ஆழ்ந்து நோக்கின், அப்படையை மதுரைக்கு அனுப்பியது சென்னையில் இருந்த ஒரு கணக்கேடு. நவாபு போர்ச்செலவிற்காகக் கும்பினியிடம் பட்ட கடன் ஆண்டுதோறும் பெருகியது. கடனுக்கு ஈடாகச் சீமைகளின் வரிவருவாய் எழுதிக்கொடுக்கப்பட்டது. 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பாளையக்காரரிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை முழுதும் கும்பினியின் கைக்கு வந்தது. ஏட்டில் வட்டி ஏறிய ஒவ்வொரு வரியும் ஒரு பாளையத்தின் மதிலை நோக்கி நகர்ந்த பீரங்கியே. கணக்கு எழுதியவர் எவரும் தாம் போர் செய்வதாக எண்ணியிருக்கமாட்டார்.

மதுரை எரிந்த நாள்

மதுரையின் பேரழிவிற்கு மாதம், பக்கம், திதி, கிழமை யாவும் குறித்து வைத்த நூல் ஒன்று நம்மிடம் உண்டு. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம், ஆடித் திங்கள் தேய்பிறை அட்டமியும் வெள்ளிக்கிழமையும் கூடிய நாளில் மதுரை எரியுண்ணும் என முன்னரே ஒரு மொழி இருந்ததாகக் கண்ணகிக்குக் கூறுகிறது. அந்நாள்மீன் கணக்கைக் கொண்டு எல்.டி. சுவாமிக்கண்ணு பிள்ளை அவ்வாண்டினைக் கி.பி. 756 எனக் கணித்தார். அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. அவ்வாராய்ச்சி ஈண்டு நமக்கு வேண்டுவதன்று.

நமக்கு வேண்டுவது அத்தெய்வம் அடுத்துக் கூறும் செய்தியே. நாளைக் குறித்த பின்னர் அது காரணத்தைக் கூறுகிறது. காரணம் மதுரையிலும் இல்லை. கோவலனின் இப்பிறப்பிலும் இல்லை. கலிங்க நாட்டில் சிங்கபுரத்து வசு, கபிலபுரத்துக் குமரன் என்னும் அரசர் இருவர், உறவினராயிருந்தும் ஒருவரோடொருவர் பொருதனர். இரு நகர்க்கும் இடையே வழி வெறிச்சோடியது. அந்நாளில் சங்கமன் என்னும் வணிகன் தன் மனைவி நீலியுடன் மறைவாகச் சென்று சிங்கபுரத்தில் பண்டம் விற்றான். அரசனிடம் தொழில்புரிந்த பரதன் என்பவன், அவனை ஒற்றன் என்று பற்றிக் கொடுத்துக் கொலையுண்ணச் செய்தான். அப்பரதனே கோவலனாய்ப் பிறந்தான். கொல்லா விரதம் நீங்கியவன் என்றே பரதனைக் காப்பியம் குறிக்கிறது.

இங்கே கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. பரதன் வாள் எடுக்கவில்லை. போரைத் தொடங்கியவனும் அல்லன். போர் நடக்கும் ஊரில், ஒருவனைப் பார்த்து ‘இவன் ஒற்றன்’ என்ற ஒரு சொல்லைச் சொன்னான். அச்சொல் பிறவி கடந்து, ‘இவன் கள்வன்’ என்ற சொல்லாய் அவனையே வந்தடைந்தது. கவுந்தியடிகளாகிய நம் ஆரியாங்கனை வழித்துணையாய் வந்தும் அவனைக் காக்க இயலவில்லை. மதுரை எரிந்த நாள் ஆடி அட்டமி. எரி மூட்டிய நாளோ வேறு நாட்டில், வேறு பிறப்பில், ஒரு பொய்ச்சொல் பிறந்த நாள்.

மூன்று தொடக்கங்கள்

காரணத்தைப் பின்னோக்கித் தேடிச் சென்றால் முடிவே இல்லையே என்று கேட்கலாம். வினைத்தொடர் அநாதி என்பது நம் கொள்கையுமாகும். அவ்வாறாயின் தொடக்கம் என்ற சொல்லே பொருளற்றதாகாதா? ஆகாது. ஆசாரியர் உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் இதற்கு வழி காட்டியிருக்கிறார்.

ஒரு தீச்செயல் மூன்று படியாக நிகழ்கிறது. செய்வேன் என்று உறுதி கொள்வது சம்ரம்பம். அதற்கு வேண்டிய கருவிகளைத் திரட்டுவது சமாரம்பம். செயலில் இறங்குவது ஆரம்பம். இம்மூன்றும் மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும் நிகழும். தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மேலும் மூன்றாகும். சினம், செருக்கு, மாயை, பேராசை என்னும் நான்கு கஷாயங்களால் அவை தூண்டப்படும். மூன்றை மூன்றாலும், மீண்டும் மூன்றாலும், பின்னர் நான்காலும் பெருக்க நூற்றெட்டாகும். நாம் கையில் உருட்டும் செபமாலையின் நூற்றெட்டு மணிகளுக்கு இதனைக் காரணமாகக் கூறுவாரும் உளர்.

வரலாற்று நூல் குறிக்கும் நாள் எப்பொழுதும் மூன்றாவதாகிய ஆரம்பமே. எல்லை கடந்த நாள், முதற்குண்டு வெடித்த நாள், முதற்பிணம் விழுந்த நாள். சில நல்ல ஆசிரியர்கள் சமாரம்பத்தையும் எழுதுவர். எத்தனை ஆண்டுகளாகப் படை திரட்டினர், எங்கே கருவி செய்தனர் என்று ஆராய்வர். சம்ரம்பத்திற்கு மட்டும் நாள் கிடைப்பதில்லை. அது ஓசையின்றி நிகழ்கிறது. நூற்றெட்டில் மூன்றிலொரு பங்காகிய முப்பத்தாறு வாயில்கள், கருவி ஒன்றேனும் கையில் வருமுன்னரே திறந்துவிடுகின்றன.

உயிர்ச்சேதம் இல்லாதபோது அதனை இம்சை என்று கொள்வதெப்படி என ஐயுறுவார்க்கு யசோதர காவியம் விடை தருகிறது. யசோதர மன்னன் உயிர்ப்பலி இடமாட்டேன் என்று மறுத்தான். தாய் சந்திரமதியின் சொல்லுக்கு இணங்கி, மாவினால் செய்த கோழியை வாளால் வெட்டிப் பலியிட்டான். வெட்டுண்டது மாக்கோழி; ஆனால் வெட்டிய கையின் பின்னே இருந்தது கொலை எண்ணம். அதன் பயனாகத் தாயும் மகனும் விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்றனர். பாவ இம்சையின் கொடுமையை இதனினும் தெளிவாக விளக்கிய கதை வேறில்லை. ஒரு நாடு தன் பகைநாட்டின் உருவத்தை மாவால் செய்து நாள்தோறும் வெட்டிப் பழகுமாயின், அங்கே போர் தொடங்கிவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

ஓர் ஐயமும் விடையும்

இவ்வாறு எல்லாவற்றையும் மனத்தில் கொண்டுபோய் வைத்தால், படையெடுத்தவனும் தாக்குண்டவனும் ஒன்றாகிவிடமாட்டார்களா? ‘இரு பக்கமும் குற்றம் உண்டு’ என்று கூறி, கொடியவன் தப்பித்துக்கொள்ள இது வழியாகாதா? இது புறக்கணிக்கத்தக்க ஐயமன்று. அநேகாந்தத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு, எல்லாரும் சமமாகச் சரி என்றோ எல்லாரும் சமமாகத் தவறு என்றோ பேசுவார் இன்று பலர்.

அநேகாந்தம் அதனைக் கூறவில்லை. ஒரு பொருளைப் பல நயங்களால் நோக்குக என்கிறது. நோக்கிய பின் எடை போடாதே என்று கூறவில்லை. நம் ஆசாரியர்கள் இல்லறத்தானின் இம்சையை நால்வகையாகப் பிரித்தனர். வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப இம்சையை அவன் முற்றும் விலக்க வேண்டும். தன்னையும் தன்னைச் சார்ந்தாரையும் காக்கும்போது நேரும் விரோத இம்சையை முற்றும் விலக்க அவனால் இயலாது. போலந்தின்மேல் பாய்ந்தவனும் போலந்தில் வாழ்ந்தவனும் ஒரே தட்டில் நிற்பவர் அல்லர். கோவில்குடியில் கொள்ளையிட்டவரும் அதனை இழந்தவரும் ஒரே தட்டில் நிற்பவர் அல்லர்.

ஆனால் இப்பிரிவு மற்றோர் உண்மையையும் நமக்கு உணர்த்துகிறது. தற்காப்பாகத் தொடங்கிய போர் எப்பொழுதும் தற்காப்பாகவே நீடிப்பதில்லை. காப்பதற்கு எடுத்த வாள், காவல் முடிந்த பின்னும் உறையில் புகாமல் பழிவாங்கத் திரும்பும் ஒரு கணம் உண்டு. விரோத இம்சை சங்கல்ப இம்சையாக மாறும் கணம் அது. போருக்குள்ளே இன்னொரு போர் அங்கே தொடங்குகிறது. அதற்கு எந்த நூலும் நாள் குறிப்பதில்லை. தாக்குண்டவன் என்ற பழைய உரிமையே அதனை மூடி மறைத்துவிடுகிறது. நீதி தன் பக்கம் இருப்பவனே அக்கணத்தை மிகுந்த விழிப்போடு நோக்கவேண்டியவன்.

கதைகள் குறித்த நாள்கள்

மேலைநாட்டு அறிவியல் புனைகதை ஆசிரியர்கள் இன்னும் வராத போர்களுக்கு நாள் குறிப்பதில் வல்லவர்கள். எச்.ஜி. வெல்ஸ் 1933-இல் வெளியிட்ட நூலொன்றில், போலந்திற்கும் ஜெர்மனிக்கும் டான்சிக் நகரில் மூளும் பூசல் 1940 ஜனவரியில் பெரும்போராகும் என்று எழுதினார். நான்கு மாதமே பிசகிற்று. 1914-இல் வெளிவந்த மற்றொரு கதையில் அவர் அணுகுண்டு என்னும் பெயரையே முதலில் வழங்கி, அணுப்போரை 1956-இல் வைத்தார். 1932-இல் அக்கதையைப் படித்த லியோ சிலார்டு என்னும் இயற்பியலறிஞர், அடுத்த ஆண்டே அணுத்தொடர்வினை பற்றிய எண்ணத்தைக் கண்டார். குண்டு வெடித்ததோ 1945-இல். 1991-இல் வந்த ஹாலிவுட் திரைப்படம் ஒன்று, இயந்திரங்கள் மனிதர்மேல் அணுப்போர் தொடுக்கும் நாளாக 1997 ஆகஸ்ட் 29-ஐக் குறித்தது. அந்நாள் அமைதியாகக் கழிந்தது, பலரும் நகைத்தனர்.

ஆயின் இத்தகைய கதைகளால் பயனில்லை என்று தள்ளிவிட வேண்டுவதில்லை. வரலாறு போரின் நாளைப் பின்னே வைக்கிறது. அதனைக் கண்டு நாம் பழி பேசுகிறோம். கதை அந்நாளை முன்னே வைக்கிறது. அதனைக் கண்டு, ‘அந்நாள் வருமாயின், அதன் சம்ரம்பம் இன்றல்லவோ நடந்துகொண்டிருக்கும்?’ என்று நாம் எண்ண வேண்டியிருக்கிறது. கிரகணத்திற்கு நாள் குறிப்பதுபோல் போருக்கு நாள் குறிப்பதில் மட்டும் ஒரு தீங்குண்டு. கிரகணத்தை எவராலும் தடுக்க முடியாது. போர் அத்தகையதன்று.

தொடங்காமற்போன போர்கள்

வரலாற்றில் இடம்பெறாத போர்களும் உண்டு. அவை தொடங்கவில்லை, ஆதலின் அவற்றுக்கு ஆண்டில்லை.

ஸ்ரீபுராணத்தில் பரதன், பாகுபலி வரலாற்றை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். பரதனிடம் செருக்கிருந்தது, பாகுபலியிடம் மானம் இருந்தது. இருபெரும் படைகள் எதிரெதிரே நின்றன. சம்ரம்பம் நிகழ்ந்துவிட்டது, சமாரம்பமும் முடிந்துவிட்டது. அந்நிலையில் அமைச்சர்கள் இடையே புகுந்து, உடன்பிறந்தார் இருவர் பொருட்டு ஆயிரமாயிரம் வீரர் மாளவேண்டுமா என்று தடுத்தனர். திருஷ்டி யுத்தம், ஜல யுத்தம், மல்ல யுத்தம் என மூன்றும் அவ்விருவர்க்குள்ளேயே நிகழ்ந்தன. வென்ற பாகுபலி வெற்றியையே துறந்து தவம் மேற்கொண்டான். மூன்றாம் படியின் வாயிலில் நின்றும் திரும்பிவிடலாம் என்பதற்கு அதுவே சான்று. படைகளைத் திருப்பியனுப்பிய அமைச்சர்களின் பெயரை நாம் போற்றுவதில்லை. போற்றவேண்டும்.

நம் காலத்திலும் அத்தகைய நிகழ்ச்சி ஒன்றுண்டு. இலங்கையில் தீப்பற்றிய அதே 1983-ஆம் ஆண்டில், செப்டம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவு, மாஸ்கோவிற்கு அருகே இருந்த சோவியத் எச்சரிக்கை நிலையத்தில் ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் என்னும் அதிகாரி பணியிலிருந்தார். அமெரிக்க ஏவுகணைகள் புறப்பட்டுவிட்டன என்று கருவி அறிவித்தது. ஐந்து ஏவுகணைகள் என்றது. மேலிடத்திற்கு அதனை உண்மை என்று அறிவிப்பதே விதி. போர் தொடுப்பவர் ஐந்தோடு நிற்பாரா என்று அவர் எண்ணினார். கருவியின் பிழை என்றே அறிவித்தார். மேகத்தின்மேல் பட்டுத் தெறித்த கதிரொளியைச் செயற்கைக்கோள் ஏவுகணை என்று கொண்டுவிட்டது பின்னர்த் தெரியவந்தது. அவர் ஒரு துறவியல்லர்; படை அதிகாரி. செய்ததெல்லாம் தன் உடன்பாட்டைக் கொடாமல் நின்றதே. நூற்றெட்டு வாயில்களில் ஒன்றை ஒருவர் அடைத்து நின்றதால் உலகம் விடிந்தது.

நம் பங்கு

நாம் படை நடத்துவோர் அல்லேம். பெரும்பாலோர் நிலம் உழுதும் பள்ளியில் கற்பித்தும் சிறு வணிகம் செய்தும் வாழும் இல்லறத்தார். எறும்பு மிதிபடாமல் நடக்கிறோம்; இரவு உண்பதில்லை; நீரை வடிகட்டிப் பருகுகிறோம். ஆகவே போர் என்பது நமக்கு அயலானது என்று எண்ணுகிறோம்.

நூற்றெட்டில் மூன்றிலொரு பங்கு உடன்படுதலால் வருவது என்பதை மறத்தலாகாது. தொலைக்காட்சியில் அயல்நாட்டு நகரமொன்று எரிவதைக் கண்டு, ‘நன்றாக வேண்டும் அவர்களுக்கு’ என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னிருந்து நாம் கூறும் சொல், வாக்கினால் நிகழும் அனுமதம். பிள்ளைகள் அதனைக் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். ஓர் இனத்தாரை, ஓர் ஊராரை, ஒரு சமயத்தாரை முழுமையாக ஒரே பெயரிட்டு இகழும்போது நாம் மாக்கோழி ஒன்றைப் பிசைந்து வைக்கிறோம். அதனை வெட்டுவார் வேறெங்கோ, வேறென்றோ வருவர். அப்பொழுது வரலாற்று ஆசிரியர் அந்நாளைக் குறித்துக்கொள்வார். நம் வீட்டு உணவறையில் நிகழ்ந்ததற்கு அவரிடம் ஏடு கிடையாது. பிரதிக்கிரமணத்தின்போது அன்றாடப் பிழைகளை நினைவுகூரும் வழக்கம் நமக்குண்டு. அக்கணக்கில் இதனையும் சேர்த்துக்கொள்ளுதல் தகும்.

பழனிக்கு அருகே ஐவர்மலையில் ஒரு கல்வெட்டு உண்டு. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர், அங்கிருந்த பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் திருமேனிகளையும் புதுப்பித்து, நாள்தோறும் தவறாத அமுதுக்கும் ஓர் அடிகளுக்கு உணவிற்குமாக 505 காணம் பொன் வைத்தார் என்பதே அதன் செய்தி. சக ஆண்டு 792, வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு என்று அதில் காலம் தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்கிறது, அஃதாவது கி.பி. 870. இதனைக் கொண்டே அப்பாண்டியன் முடிசூடியது 862 என்று அறிஞர் கணித்தனர். அவன் பொருத திருப்புறம்பியப் போரின் ஆண்டிலோ இன்றுவரை அறிஞர்க்குள் வேறுபாடு உண்டு. பேரரசுகள் மோதிய நாள் தெளிவாக இல்லை. ஓர் அடிகளுக்குச் சோறு வைத்த ஆண்டு கல்லில் தெளிவாக இருக்கிறது. அக்காலத்துப் போர்களின் ஆண்டைக் கணிப்பாரும் அந்த அறத்தின் ஆண்டிலிருந்தே எண்ணத் தொடங்குகின்றனர்.

போர் தொடங்கும் நாள் எது என்பதற்குப் பிறர் விடை கூறட்டும். நம் மனத்தில், நம் சொல்லில், நம் உடன்பாட்டில் அது தொடங்காத நாளாக இந்நாளை ஆக்கிக்கொள்வது நம் கையில் உள்ளது.